சொந்தமா, அன்னியமா

சீனியம்மாள் பேரைச் சொன்னா இந்த ஊர்ல பாதிப் பேரு முகத்தைச் சுளிப்பான். திமிரு பிடிச்ச பொம்பளைம்பான். சொந்த வம்சத்தையே சந்தி சிரிக்க வச்சவளாம். சொல்லுத வாய்க்கு என்ன, சொல்லிட்டுப் போகுது. நான் ரெண்டு வருஷம் அவளை ஜீப்புல ஏத்திக்கிட்டு குருவிகுளத்துக் கரிசக்காடு பூரா புழுதி குடிச்சவன். நடந்ததை நான் சொல்லுதேன். கேக்கப் பிடிக்காதவன் எந்திரிச்சு டீ குடிக்கப் போகலாம்.

என் பேரு மைதீன். சங்கரன்கோவில்ல வாடகை ஜீப்பு ஓட்டிக்கிட்டிருந்தேன். எண்பத்தொண்ணாம் வருஷம் மெட்ராஸ்ல இருந்து ஒரு ஆராய்ச்சிக் கூட்டம் வந்து திருவேங்கடம் ரோட்டுல ஒரு வீட்டைப் பிடிச்சாங்க. கோமதிநாயகம்னு ஒரு டாக்டர், அவருகூட படிக்கிற ரெண்டு பையன்க. டாக்டர் நம்ம அம்பாசமுத்திரம் பக்கத்து ஆளுதான், மெட்ராஸ்ல இருந்து இருந்து பேச்சு மட்டும் கொஞ்சம் மாறிப் போச்சு. பிறவியிலேயே காது கேக்காம புள்ளைக பிறக்குதே, அது வம்சத்துல எப்படி இறங்குது, அதைக் கண்டுபிடிக்கணும். அதுக்கு வீடு வீடாப் போயி குடும்பக் கதை எழுதி, கையில ரப்பரைக் கட்டி ரெண்டு ஸ்பூன் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில வச்சு சாயங்கால ரயில்ல மெட்ராஸுக்கு அனுப்பணும். என் ஜீப்பை மாசக் கணக்குல பேசி எடுத்துக்கிட்டாங்க.

முதல் பத்து நாள் ஒரு சொட்டு ரத்தம் கிடைக்கல. ஜீப்பு வாரதைப் பாத்ததும் பொம்பளைக புள்ளையைத் தூக்கிக்கிட்டு பருத்திக்காட்டுக்குள்ள ஓடிருவாங்க. ரத்தத்தை எடுத்து வெளிநாட்டுக்கு விக்கானுவன்னு பேச்சு. அப்பதான் நான் டாக்டர்கிட்ட சொன்னேன், எங்க தெருவுல ஒரு அக்கா இருக்கு, அது வந்தா நடக்கும்னு.

சீனியக்காவுக்கு அப்போ நாப்பத்தி மூணு வயசு. பிறந்தது குருவிகுளத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊரு. எட்டாங்கிளாஸ் முடிச்சவ, அவ வயசுப் பொம்பளைக்கு அது பெரிய படிப்பு. புருஷன் பஞ்சு அரைக்கிற மில்லுல வேலை பாத்து, இருமி இருமியே போய்ச் சேந்துட்டாரு. அவரு போன முப்பத்தொண்ணாம் நாளு அக்கா ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில ஆயா வேலைக்குக் கிளம்பிட்டா. தாலியறுத்தவ மூலையில இருக்கணும்னு சொந்தக்காரங்க சத்தம் போட்டாங்க. மூலையில இருந்தா எனக்கும் என் மகளுக்கும் யாரு சோறு பொங்கிப் போடுதது, நீயா, இல்ல நீயான்னு ஒவ்வொரு முகமாப் பாத்துக் கேட்டா. எல்லாருக்கும் திடீர்னு வீட்டுல வேலை ஞாபகம் வந்திருச்சு.

டாக்டர்கிட்ட வந்து சேந்த மறுநாள் அக்கா செஞ்ச காரியம் இது. ஒரு ஊரு நடுவுல ஜீப்பை நிறுத்தச் சொன்னா. அவளே சேலையை ஒதுக்கிக்கிட்டு கையை நீட்டி, எல்லாரும் பாக்க ரத்தம் எடுக்கச் சொன்னா. எடுத்து முடிச்சதும், பாத்துக்கோங்க, செத்தா போயிட்டேன்னு கேட்டா. அன்னைக்கு இருபத்தி ரெண்டு பேரு வந்து உக்காந்தாங்க.

ஆனா எழுதுததுல ஒரு வில்லங்கம் இருந்திச்சு. படிவத்துல, புருஷனும் பொண்டாட்டியும் சொந்தமா அன்னியமான்னு ஒரு கேள்வி. ஒரே வம்சத்துல கட்டினா இந்தக் கோளாறு கூட வருமாம், அதனால அது முக்கியமான கேள்வி. பையன்க போய்க் கேப்பாங்க. பொம்பளைக அன்னியம்பாங்க. மூணு புள்ளையும் செவிடா இருக்கும், ஆனா அன்னியம். டாக்டர் தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு, மெட்ராஸ்ல படிச்ச படிப்பெல்லாம் பொய்யான்னு.

அக்கா நாலு வீடு கூட நின்னு கேட்டா, விஷயம் பிடிபட்டுருச்சு. நம்ம பக்கத்துல சண்டை போட்டு பேச்சுவார்த்தை நின்னு போச்சுன்னா, சொந்தம் அத்துப் போச்சும்போம் இல்லையா. தண்ணி வெந்நி புழங்க மாட்டோம், நல்லது கெட்டதுக்குப் போக மாட்டோம். தாய்மாமன் மகனைக் கட்டினவகூட, மாமன் வீட்டோட சண்டைன்னா, எங்களுக்குள்ள என்ன சொந்தம், அன்னியந்தான்னு அடிச்சுச் சொல்லுவா. அவ பொய் சொல்லல. கேட்டவனுக்கு அர்த்தம் வேற, சொன்னவளுக்கு அர்த்தம் வேற.

அக்கா அந்தக் கேள்வியையே தூக்கிப் போட்டுட்டா. அவ கேட்டது வேற: கல்யாணத்துக்கு முந்தி உன் மாமியாரை என்னன்னு கூப்பிட்டே? அத்தைன்னு சொன்னா மாமன் மகனையோ அத்தை மகனையோ கட்டியிருக்கா. ஆச்சின்னு, அதாவது அம்மாவைப் பெத்தவன்னு சொன்னா தாய்மாமனையே கட்டியிருக்கா. அந்தப் பொம்பளையை அதுக்கு முந்தி நான் பாத்ததே இல்லைன்னு சொன்னாத்தான் அன்னியம். சண்டை போட்டா பேச்சு மாறும், சின்ன வயசுல கூப்பிட்ட முறை மாறாதுல்லா. டாக்டர் அசந்து போயி, பழைய படிவத்தையெல்லாம் திரும்ப எழுதச் சொன்னாரு. அக்கா என்னையும் விடல. நீ என்னலே கூப்பிட்டேன்னா. மாமின்னேன், எங்க ஆளுகள்ல அத்தையை அப்படித்தான் கூப்பிடுதது. அப்போ நீயும் கையை நீட்டுன்னு என் ரத்தத்தையும் எடுத்துட்டா.

இப்போ அவ வீட்டுக் கதைக்கு வாரேன். அக்காவோட ஒரே மக பூமாரி. அவளை அக்கா தன் கூடப் பிறந்த அண்ணன் மூக்காண்டி மகன் இசக்கிப்பாண்டிக்குத்தான் கட்டிக் குடுத்திருந்தா. முதல்ல ஒரு பொம்பளைப் புள்ளை பிறந்திச்சு. அதுக்குக் காது குத்துத அன்னைக்கு மேளக்காரன் பக்கத்துல நின்னு அடிக்கான், புள்ளை திரும்பியே பாக்கல. கூட்டத்துக்கே விளங்கிப் போச்சு. அப்போ மூக்காண்டி பொண்டாட்டி, எங்க வீட்டுல இப்படி ஒண்ணும் கிடையாது, இது அவ கொண்டு வந்த வயித்தோட கோளாறுன்னுட்டா. அண்ணன்காரன் கேட்டுக்கிட்டு கல்லு மாதிரி உக்காந்திருந்தான். அக்கா பாதிச் சாப்பாட்டுல கையைக் கழுவிட்டு எந்திரிச்சுட்டா. இன்னையோட ஒனக்கும் எனக்கும் அத்துப் போச்சுன்னு சொல்லிட்டு, அந்த வெயில்ல நாலு மைல் நடந்தே பஸ்ஸுக்கு வந்தா.

ரெண்டாவதும் பொண்ணு. அதுக்கும் கேக்கல. கோமதியம்மன் கோவில் புத்துமண்ணைக் குழைச்சு காது பின்னால பூசிப் பாத்தாங்க, வைத்தியரைப் பாத்தாங்க, ஒண்ணும் நடக்கல. சின்னதுக்கு ஒரு வயசு ஆகும்போது பூமாரியை ரெண்டு புள்ளையோட ஆத்தா வீட்டுல கொண்டு வந்து விட்டுட்டாங்க. ஏறக்குறைய ரெண்டு வருஷம் எட்டிப் பாக்கல. நாங்க ரத்தம் எடுத்துக்கிட்டு அலைஞ்ச அந்தக் கார்த்திகையில சேதி வருது, தை மாசம் இசக்கிப்பாண்டிக்கு வேற பொண்ணு பேசியாச்சு. காது கேக்குத புள்ளை பெத்துக் குடுக்க ஒருத்தி வேணுமாம். பூமாரி அன்னைக்கு எங்க வீட்டுப் பக்கம் வந்து என் பொண்டாட்டிகிட்ட சொல்லி அழுதா. நான் என்ன பாவம் செஞ்சேன் மாமின்னு அவ கேட்டது வீட்டுக்குள்ள இருந்த எனக்குக் கேட்டுச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல.

மறுநாள் சாயங்காலம் நான் ஐஸ் பெட்டியை ரயிலுக்குக் கொண்டு போக வந்து நிக்கேன். அக்கா அந்தப் பெட்டி மேல ஏறி உக்காந்திருக்கா. டாக்டர் எதுக்க நின்னு கெஞ்சுதாரு. ரயிலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருக்கு. உள்ள முப்பத்தி நாலு பேரு ரத்தம், ஐஸு உருகிக்கிட்டிருக்கு.

அக்கா கேட்டது ஒண்ணே ஒண்ணு. இந்தக் கோளாறு பொம்பளையால மட்டும் வாரதா, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. டாக்டர் சொன்னாரு, இது ஆராய்ச்சிம்மா, பஞ்சாயத்து இல்ல. ஒவ்வொரு ரத்தத்துக்கும் ஒரு நம்பர்தான், பேரு கிடையாது, தனித்தனியா யாருக்கும் முடிவு சொல்லுத வழக்கம் இல்லைன்னாரு.

"ரத்தம் எங்களுது சார். எடுக்கும்போது பேரு, ஊரு, தாத்தன் பேரு வரைக்கும் கேட்டீங்க. இப்போ நாங்க பதில் கேட்டா நம்பருங்கீங்க. அப்போ ரத்தத்தைத் திருப்பிக் குடுங்க."

டாக்டர் நல்ல மனுஷன், அதைச் சொல்லணும். வேற ஆளுன்னா போலீஸைக் கூப்பிட்டிருப்பான். அவரு தரையில சம்மணம் போட்டு உக்காந்து அவளுக்கு விளக்கினாரு. ஒவ்வொரு ஆளுகிட்டயும் ஒவ்வொரு குணத்துக்கும் ரெண்டு பங்கு இருக்கு, ஒண்ணு அப்பன் குடுத்தது, இன்னொண்ணு ஆத்தா குடுத்தது. ஒரு பங்கு கெட்டுப் போயிருந்தா வெளிய தெரியாது, காது நல்லாவே கேக்கும். ரெண்டு பங்குமே கெட்டதா வந்து சேந்தாத்தான் புள்ளைக்குக் கேக்காது. அதனால அப்பன்கிட்டயும் ஒண்ணு இருந்திருக்கணும், ஆத்தாகிட்டயும் ஒண்ணு இருந்திருக்கணும். ஆனா இந்த ரத்தத்துல அதைப் பாத்துச் சொல்ல இன்னைக்கு உலகத்துல எங்கயும் வழி இல்ல, குடும்பத்து ஆளுகளை வரிசையா எழுதி வச்சு, யாருக்கு இருந்திச்சு, யாரு யாரைக் கட்டினாங்கன்னு பாத்துத்தான் சொல்ல முடியும்னாரு.

அப்போ எங்க குடும்பத்தைப் பாருங்கன்னா அக்கா. டாக்டர் எந்திரிச்சுப் போயி பதினேழாம் நம்பர் படிவத்தை எடுத்துட்டு வந்தாரு. அது அக்கா வேலைக்குச் சேந்த அன்னைக்கே தன் மகளுக்காக அவ கையாலயே எழுதினது. டாக்டர் வாசிச்சாரு. புருஷன் பொண்டாட்டி: அன்னியம். குடும்பத்தில் வேறு யாருக்காவது காது கேளாமை: இல்லை. இதை வச்சு நான் என்னம்மா எழுதட்டும்னு கேட்டாரு.

நான் அக்கா முகத்தைப் பாத்தேன். ஊரு பூரா போயி மத்தவ கோவத்துல சொன்ன அன்னியத்தையெல்லாம் திருத்தினவ, தன் கோவத்தைத் திருத்த மறந்துட்டா. அவ பெட்டியை விட்டு இறங்கினா. மைதீன், கொண்டு போன்னு மட்டும் சொன்னா. நான் பெட்டியை ரயில்ல ஏத்திட்டுத் திரும்பி வந்து பாக்கும்போது அவ அதே இடத்துல நின்னா. நாளைக்கு எங்க அண்ணன் வீட்டுக்கு வண்டியை விடணும்னா. டாக்டரும் சரின்னுட்டாரு. அந்த வீட்டு ஆளுக ரத்தம் அவருக்கும் வேணும்.

மறுநாள் காலையில மூக்காண்டி வீட்டு முன்னால ஜீப்பு நின்னதும் ஊரே கூடிருச்சு. மூக்காண்டி துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய வந்தான். டாக்டர் மரியாதையாக் கும்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, இந்தம்மாவும் நீங்களும் சொந்தந்தானான்னு கேட்டாரு. இவ யாருன்னே எனக்குத் தெரியாது, அன்னியம்னு எழுதிக்கோங்கன்னான் அவன். கூட்டத்துல ரெண்டு பேரு சிரிச்சான். எனக்கு இறங்கி நாலு வைக்கலாமான்னு தோணுச்சு, உண்மையைச் சொல்லுதேன்.

அக்கா அண்ணனைத் திரும்பியே பாக்கல. கதவுப் பக்கத்துல ஒளிஞ்சு நின்ன மருமகன்காரனைப் பாத்து, இசக்கிப்பாண்டி, கல்யாணத்துக்கு முந்தி என்னைய என்ன முறை வச்சுக் கூப்பிட்டேன்னு கேட்டா. அவன் அப்பனைப் பாத்தான், ஆத்தாளைப் பாத்தான். அப்புறம், அத்தைன்னான். 

அக்கா டாக்டர் பக்கம் திரும்பினா. "எழுதிக்கோங்க சார். எங்க அப்பன் கூடப் பிறந்தவ ஒருத்தி இருந்தா. பிறவியிலேயே காது கேக்காது. ஊரு அவளை ஊமைச்சின்னுதான் கூப்பிட்டுச்சு, அவ பேரு மாரித்தாய். கல்யாணம் கட்டாமலே கிணத்துல விழுந்து செத்தா. எங்க ரெண்டு பேரையும் இடுப்புல தூக்கி வளத்தவ அவதான்."

வாயை மூடுட்டின்னு மூக்காண்டி அடிக்கவே வந்துட்டான். நான் ஜீப்பை விட்டுக் குதிச்சேன். ஆனா அதுக்கு வேலை இல்லாமப் போச்சு. அக்கா நின்ன இடத்தை விட்டு ஒரு அடி நகரல.

"மூட மாட்டேன் அண்ணே. நீயும் மூடினே, நானும் மூடினேன், அது என் மக தலையில வந்து விழுந்திருக்கு. நம்ம அப்பன் ரத்தம் எனக்கும் ஓடுது, ஒனக்கும் ஓடுது. அந்தப் புள்ளைகளுக்கு என் மக பாதி குடுத்தா, ஒன் மகன் பாதி குடுத்தான். வயித்தைச் சொல்லணும்னா முதல்ல நம்ம அப்பனைச் சொல்லு."

 கூட்டத்துல ஒரு ஆளு டாக்டர்கிட்ட, இந்தம்மா சொல்லுதது மெய்யான்னு கேட்டாரு. குடும்பக் கதை இப்படித்தான்னா, பெரும்பாலும் அப்படித்தான்னாரு டாக்டர். எந்தப் புள்ளைக்கு வரும், எந்தப் புள்ளைக்கு வராதுன்னு யாராலயும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனா பொம்பளை மட்டுமே காரணம்னு சொல்லுததுக்கு வழியே இல்ல, அதை எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போட்டுத் தாரேன்னாரு.

மூக்காண்டி ரத்தம் குடுக்க மாட்டேன்னு உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டான். இசக்கிப்பாண்டி வெளியவே நின்னான்.  அப்புறம் சட்டைக் கையை மடக்கி விட்டுக்கிட்டு வந்து ஜீப்பு படியில உக்காந்தான். ஊசி போடும்போது அவன் அக்கா பக்கம் பாக்கல, அக்காவும் அவன் பக்கம் பாக்கல.

ஒரு வாரத்துல புதுப் பொண்ணு வீட்டுக்காரங்க தாம்பூலத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அதோட விட்டுச்சா, வம்சத்துல வேற ரெண்டு சம்பந்தமும் நின்னு போச்சு. சித்தப்பன் மக்க, பெரியப்பன் மக்கன்னு ஒரு கூட்டமே அக்கா வீட்டு முன்னால வந்து மண்ணை வாரித் தூத்தினாங்க. செத்துப் போன ஊமைச்சியை ஏம்ட்டி நடுத்தெருவுக்கு இழுத்தேன்னு கேட்டாங்க. அக்கா படியில நின்னு கேட்டுக்கிட்டே இருந்தா. கடைசியா, ஒங்களுக்குத் தூரத்துல பொண்ணு பாக்கச் சங்கடமா இருந்தா நான் ஜீப்பு பிடிச்சுத் தாரேன், மைதீன் ஓட்டுவான்னுட்டு உள்ள போயிட்டா. என்னையும் ஏன் இழுக்கான்னு எனக்குப் புரியல, ஆனா சந்தோஷமா இருந்திச்சு.

பங்குனி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில இசக்கிப்பாண்டி வந்தான். ஒரு பையில பழம், பூ, பொண்டாட்டிக்கு ஒரு சேலை. நான் அன்னைக்கு அக்காவைக் கூட்டிட்டுப் போக வண்டியோட அங்கனதான் நிக்கேன். பூமாரியைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன் அத்தைன்னான். அப்பன் சம்மதிச்சுட்டாரு, பழசையெல்லாம் மறந்திரலாம்னான். அக்கா, வந்தது என்னைக் கூட்டிட்டுப் போகவா, அவளைக் கூட்டிட்டுப் போகவா, அவகிட்டக் கேளுன்னுட்டா.

பூமாரி அடுப்படியில இருந்து கையைத் துடைச்சுக்கிட்டு வந்தா. முன்ன மாதிரி அழல. அவ பின்னாலயே ரெண்டு புள்ளைகளும் வந்துச்சு. அந்த வீட்டுல இந்த ரெண்டு வருஷத்துல கைப்பேச்சு ஒண்ணு உண்டாகியிருந்திச்சு. பசிக்கு ஒண்ணு, பால்காரனுக்கு ஒண்ணு, ஆச்சி கோவமா இருக்கான்னு சொல்ல ஒண்ணு. யாரும் சொல்லிக் குடுக்கல, அதுகளா உண்டாக்கினது. ஆத்தாளும் மகளும் அதுல சண்டையே போடுவாங்க.

மூணு வயசுச் சின்னது அவனை மேலயும் கீழயும் பாத்துச்சு. ஆத்தா சேலையைப் பிடிச்சு இழுத்து, விரலை அவன் பக்கம் நீட்டி, உள்ளங்கையை விரிச்சுக் காட்டுச்சு. இசக்கிப்பாண்டி சிரிக்கப் பாத்தான். என்ன சொல்லுதான்னு பூமாரிகிட்டக் கேட்டான்.

"இவரு யாருன்னு கேக்கா. நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க. அவளுக்கு விளங்குச்சுன்னா வாரேன்."

அவன் பையைக் கீழ வச்சான். புள்ளை அவன் கையையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. ரெண்டு கையையும் தூக்கினான், அப்பான்னு சொல்ல அதை என்ன செய்யணும்னு அவனுக்குத் தெரியல.